சொந்தச் சாதனையும் மருத்துவக் கல்லூரி நேர்காணலும்: தமிழகச் சேர்க்கை முறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மருத்துவப் படிப்பில் சேர வரும் மாணவரை எதிரே அமர்த்தி, அவர் தம் வாழ்வில் சாதித்த ஒன்றைச் சொல்லச் செய்து, அந்தப் பதிலைக் கொண்டு அவருடைய பொருத்தத்தை மதிப்பிடும் முறை இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் இன்றும் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டின் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் அத்தகைய கேள்விக்கு இடமில்லை. நீட் தேர்வின் மதிப்பெண்ணும், இடஒதுக்கீட்டுப் பிரிவும், கலந்தாய்வில் மாணவர் தெரிவிக்கும் கல்லூரி விருப்பமும் சேர்ந்து இடத்தை முடிவுசெய்துவிடுகின்றன. எனினும் இம்மாநிலம் அக்கேள்வியை அறியாததன்று. 1984ஆம் ஆண்டுக்கு முன்பு மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்க விரும்பிய ஒவ்வொரு மாணவரும் தேர்வுக் குழுவின் முன் நின்று, விளையாட்டு, தேசிய மாணவர் படை, சமூகப் பணி என்று தாம் செய்தவற்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சில நிமிடங்களுக்குக் கிடைத்த ‘இன்டர்வியூ மார்க்’ பலருடைய வாழ்க்கைப் பாதையையே மாற்றியது.

அந்த முறை ஏன் வந்தது, ஏன் நம்பிக்கை இழந்தது, அதை ஒழித்ததால் எது கிடைத்தது, எது விடுபட்டது, சாதனையைப் பற்றிய கேள்வியை நியாயமாகக் கேட்கவும் நேர்மையாகப் பதிலளிக்கவும் வழி உண்டா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘சொந்தச் சாதனை’ என்னும் தொடர் இங்கே பதக்கம், பரிசு, முதலிடம் என்பவற்றை மட்டும் குறிக்கவில்லை. ஒருவர் தாமே பொறுப்பேற்று, தடைகளைக் கடந்து முடித்துக் காட்டிய எந்தச் செயலையும் குறிக்கிறது. ‘நேர்காணல்’ என்பது மதிப்பெண் வழங்கும் நோக்கத்துடன் நடைபெறும் உரையாடலைக் குறிக்கிறது. சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்காக மட்டும் மாணவரை அழைப்பது இதில் அடங்காது.

சாயர்புரத்திலிருந்து பார்க்கும்போது

இந்தக் கேள்வியின் பல முகங்களையும் ஒருசேரக் காண்பதற்குத் தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் பொருத்தமான ஊர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் சாயர் என்னும் வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் உருவாகி, அவர் பெயராலேயே வழங்கிவரும் இக்குடியிருப்புக்கு 1842இல் ஜி.யு. போப் வந்து சேர்ந்தார். அவர் இங்கு நிறுவிய குருத்துவக் கல்விச்சாலையில் கிராமத்துப் பிள்ளைகள் கிரேக்கமும் இலத்தீனும் கற்றனர். 1962இல் அவர் பெயரிலேயே இங்குக் கல்லூரியும் தோன்றியது. இவ்வாறு படிப்பு வேரூன்றி நெடுங்காலமாகிவிட்ட ஊர் என்றாலும், அதைச் சுற்றியுள்ள வாழ்க்கை உப்பளம், துறைமுக வேலை, பனைத்தொழில், தாமிரபரணிப் பாசனத்து வாழை, நெல் ஆகியவற்றையே நம்பியிருக்கிறது. பெற்றோர் உப்பு வாரும் வேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளையும், ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஆனால் அவ்விருவரிடமும் சேர்ந்திருக்கும் சான்றிதழ்கள் ஒரே அளவின அல்ல.

மருத்துவக் கல்லூரி இப்பகுதி மாணவர்களுக்கு நெடுநாள் தொலைவிலேயே இருந்தது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல்தான் தொடங்கப்பட்டது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி வருவதற்கு 2000ஆம் ஆண்டு ஆயிற்று. ஆகவே 1970இல் சாயர்புரத்து மாணவர் ஒருவர் டாக்டராக ஆசைப்பட்டால், திருநெல்வேலியிலோ மதுரையிலோ சென்னையிலோ உள்ள கல்லூரிக்கு விண்ணப்பித்து, அதற்கென அமைந்த குழுவின் முன் சென்று நிற்க வேண்டும். அங்கே அவர் எதைச் சாதனையாகச் சொல்லியிருக்க முடியும், அது எவ்வாறு மதிப்பிடப்பட்டிருக்கும் என்பதற்கான விடை நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது.

275இல் 75

நேர்காணல் மதிப்பெண் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய ஏற்பாடாக இருக்கவில்லை. அன்றைய மைசூர் மாநிலம் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு, பாடங்களுக்கான மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காட்டுக்கு நிகரான மதிப்பெண்ணை நேர்காணலுக்கு ஒதுக்கியது. பொது அறிவு, நாட்டம், ஆளுமை, முந்தைய கல்விச் சிறப்புகள், மாணவர் படை, விளையாட்டு, சமூக சேவை, பேச்சு, நாடகம் போன்றவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு குழுவுக்குச் சொல்லப்பட்டது. இதை எதிர்த்த சித்ரலேகா வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் நேர்காணல் முறை அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. எழுத்துத் தேர்வு ஒன்றே மனிதரை முழுமையாக அளந்துவிடாது என்னும் கருத்து அன்றைய கல்வியாளர்களிடையே வலுவாக இருந்ததால், அத்தீர்ப்பு யாரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை.

தமிழ்நாட்டில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. மாவட்ட மக்கள்தொகையின் விகிதப்படி மருத்துவ இடங்களைப் பங்கிட்ட ஏற்பாட்டை 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதன்பின் 1970–71 சேர்க்கைக்கு மாநில அரசு சென்னை நகரக் கல்லூரிகளை ஓர் அலகாகவும், வெளியூர்க் கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகவும் பிரித்து, ஒவ்வோர் அலகுக்கும் தனித் தேர்வுக் குழுவை அமைத்தது. பாட மதிப்பெண்ணுக்கு 200, நேர்காணலுக்கு 75 என 275 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை தயாரானது. நேர்காணலில் ஐந்து தலைப்புகள் கவனிக்கப்பட வேண்டும் என்பது விதி: விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படைப் பங்களிப்பு, பாடத்துக்கு அப்பாற்பட்ட சிறப்புப் பணிகள், பொதுவான உடல்நிலையும் தாங்கும் வலிமையும், பொதுத்திறன், படிப்புக்கான நாட்டம். முதலிரண்டு தலைப்புகளும் முழுக்க முழுக்க மாணவரின் சொந்தச் சாதனையைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது.

பெரியகருப்பன் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடும் வழக்கில், 1970 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை வரிவரியாகப் பரிசீலித்தது. அலகுவாரித் தேர்வு சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று அது முடிவு செய்தது. நேர்காணலைப் பொறுத்தவரை, 275இல் 75 என்பது மிகை என்று கருதினாலும், அவ்வாறு ஒதுக்க அரசுக்கு அதிகாரமே இல்லை என்று சொல்ல நீதிமன்றம் முன்வரவில்லை. ஆனால் நடைமுறையில் கண்ட இரண்டு குறைகளை அது வெளிப்படையாகச் சுட்டியது. ஒரு மாணவரிடம் குழு செலவிட்ட நேரம் ஏறக்குறைய மூன்று நிமிடமே. அவ்வளவில் ஒருவருடைய தகுதியை எடைபோடுவது இயலாத காரியம். அதைவிடக் கடுமையான குறை, ஐந்து தலைப்புகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடாமல் மொத்தமாக ஓர் எண்ணைக் குழு எழுதிக் கொடுத்தது. இது விதிக்கே புறம்பானது என்றது நீதிமன்றம்.

இந்த இரண்டாவது குறையே இங்கு முதன்மையானது. தலைப்புவாரியாக மதிப்பெண் இருந்திருந்தால், விளையாட்டில் சிறந்த மாணவருக்கு எவ்வளவு, சமூகப் பணியில் ஈடுபட்டவருக்கு எவ்வளவு என்று யாரும் கணக்குக் கேட்டிருக்க முடியும். மொத்த எண்ணுக்குள் எதையும் ஒளித்து வைக்கலாம். மாணவரின் நடையுடை, ஆங்கில உச்சரிப்பு, தந்தையின் பதவி, சிபாரிசுக் கடிதம் ஆகிய எதனால் அந்த எண் கூடியது அல்லது குறைந்தது என்பதை யாராலும் நிறுவ முடியாது. 1980 நவம்பரில் வெளிவந்த அஜய் ஹாசியா தீர்ப்பு இந்த ஐயத்துக்கு உரு கொடுத்தது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் நேர்காணலில் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பெற்றோரைப் பற்றியும் வசிப்பிடத்தைப் பற்றியும் கேட்டு மாணவர்களை அனுப்பிவிட்டதாகப் புகார் எழுந்த அவ்வழக்கில், மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றும், அது 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், உரையாடலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் நீதிமன்றம் கூறியது.

எண்ணே எல்லாம் என்ற முடிவு

நேர்காணல் என்றாலே சிபாரிசு என்ற எண்ணம் பொதுமக்களிடம் ஊன்றிவிட்ட நிலையில், 1984–85இல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்து ‘கட்-ஆஃப்’ ஆயின. நகரத்துப் பயிற்சி வகுப்புகளுக்குச் செல்ல இயலாத கிராமப்புற மாணவருக்கு இது பாதகம் என்ற காரணத்தால் 2006இல் சட்டமன்றம் நுழைவுத் தேர்வை நீக்கியது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே அளவுகோலாயிற்று. 2017 முதல் நீட் தேர்வு அந்த இடத்தைப் பிடித்தது. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு ஓரளவு ஆறுதல் அளித்தாலும், அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அது பொருந்தாது. திருச்சபைப் பள்ளிகள் மிகுந்த தூத்துக்குடி மாவட்டத்தில் இதன் விளைவு சிறியதன்று.

நான்கு பத்தாண்டுகளாக நடந்துவரும் இந்த விவாதம் முழுவதும் எந்த எண்ணைக் கொண்டு அளப்பது என்பதைப் பற்றியதாகவே இருந்துவந்திருக்கிறது. எண்ணுக்கு அப்பால் மாணவரைப் பார்ப்பதா என்ற கேள்வி பொது மேடையிலிருந்து மறைந்துவிட்டது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் சிலவே. அவற்றுள் தலையாயது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, ஆறு பேராவது வருவார்களா என்று அதிகாரிகள் ஐயுற்ற இடத்தில் 151 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. எனவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அந்நிறுவனத்துக்குத் தொடக்கத்திலேயே வாய்த்தது. பிற்காலத்தில் எழுத்துத் தேர்வில் முன்னேறியவர்களை வேலூருக்கு வரவழைத்து, சில நாள்கள் தங்கவைத்து, குழுச் செயல்பாடுகளிலும் நேர்காணல்களிலும் அவர்களைக் கவனிக்கும் முறை அங்கு வளர்ந்தது. படித்து முடித்தபின் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற ஒப்புக்கொள்ளும் மாணவர்களைத் திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பின. ஒருவர் எவ்வளவு படித்தவர் என்பதோடு, வசதி குறைந்த ஊரில் நிலைத்து நிற்பாரா என்பதையும் அறிய வேண்டியிருந்ததால், அவர் முன்பு என்ன செய்தார் என்னும் கேள்வி அங்கே அலங்காரமாக இருக்கவில்லை.

நீட் தேர்வு கட்டாயமானபோது, 2017இல் அக்கல்லூரி எம்.பி.பி.எஸ். படிப்பின் 100 இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பித் தன் மறுப்பைத் தெரிவித்தது. 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்ததோடு அந்த விவாதம் சட்ட அளவில் முடிவுக்கு வந்தது. காந்தியச் சிந்தனை பற்றிய தனித் தாளை நடத்திவந்த சேவாகிராம் மருத்துவக் கல்லூரியும் நீட் வழிக்கே வந்து சேர்ந்தது. இன்று இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நேர்காணலைத் தக்கவைத்திருக்கும் குறிப்பிடத்தக்க நிறுவனம் புனேயில் உள்ள இராணுவ மருத்துவக் கல்லூரி. நீட் தரவரிசையில் முன்னிற்பவர்களை அழைத்து, மொழியறிவும் தருக்கமும் சார்ந்த தேர்வையும் உளவியல் மதிப்பீட்டையும் நடத்தி, 50 மதிப்பெண்ணுக்கு அது நேர்காணல் வைக்கிறது. படைப்பிரிவில் பணியாற்றக் கடமைப்பட்ட மருத்துவர்களை உருவாக்கும் நிறுவனம் என்பதால் இது அதற்கு ஏற்புடையதாகக் கருதப்படுகிறது.

கடல் கடந்த தமிழ் நிலத்தின் அனுபவமும் இதே திசையில்தான் செல்கிறது. இலங்கையில் மருத்துவ பீடங்களுக்கான அனுமதி உயர்தரத் தேர்வின் இசட்-மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டது. இசட்-மதிப்பெண் என்பது ஒருவர் பெற்ற மதிப்பெண் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைப் பாடவாரியாகக் கணக்கிட்டுத் தரும் எண். பல்கலைக்கழக அனுமதிக்கான 1970களின் தரப்படுத்தல் முறை தமிழ் மாணவர்களிடையே ஆழ்ந்த மனக்கசப்பை உண்டாக்கிய நாட்டில், மனிதத் தீர்ப்புக்கு இடமளிக்கும் நேர்காணலை யாரும் கோராததில் வியப்பில்லை. அரசின் மீதோ குழுவின் மீதோ நம்பிக்கை குன்றிய சமூகங்கள் எண்ணையே பாதுகாப்பாகக் கொள்கின்றன என்பதற்கு இவ்விரு நிலங்களும் சான்று.

ஆய்வுகள் காட்டுவது

எண்ணை நாடிய தமிழகத்தின் அச்சத்துக்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. 1920இல் அமெரிக்க உளவியலர் எட்வர்ட் தார்ன்டைக், படை அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்கு இட்ட மதிப்பீடுகளைப் பரிசீலித்து, ஒரு பண்பில் நன்றாகத் தோன்றியவருக்கு எல்லாப் பண்புகளிலும் உயர்ந்த மதிப்பீடு கிடைத்துவிடுவதைக் கண்டார். ‘ஒளிவட்ட விளைவு’ எனப்படும் இந்தப் போக்கு, தலைப்புகளைப் பிரிக்காமல் மொத்த மதிப்பெண் இடும் குழுவில் தடையின்றிச் செயல்படும். மற்றொரு சான்று டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. 1979இல் ஹூஸ்டன் நகர மருத்துவக் கல்லூரி 150 இடங்களை நிரப்பிய பிறகு, மாநிலச் சட்டமன்றம் மேலும் 50 பேரைச் சேர்க்கப் பணித்தது. நேர்காணலை முதன்மையாகக் கொண்ட தரவரிசையில் மிகவும் கீழே இருந்தவர்களே அப்போது எஞ்சியிருந்தனர். பின்னர் 1987இல் வெளியான ஆய்வு, படிப்பிலும் மருத்துவமனைப் பயிற்சியிலும் அந்த 50 பேர் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை என்று காட்டியது. கட்டுப்பாடற்ற உரையாடலை நம்பி இட்ட தரவரிசை, மருத்துவக் கல்வியில் யார் தேறுவார் என்பதை முன்னறிந்து சொல்லவில்லை.

இதிலிருந்து நேர்காணலே வீண் என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் வேறு முடிவுக்கு வந்தனர். கெவின் ஈவாவும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட ‘பல்குறு நேர்காணல்’ முறையில், மாணவர் ஒரே குழுவின் முன் அரை மணி நேரம் அமர்வதற்கு மாறாக, ஏறக்குறைய பத்து அறைகளுக்கு வரிசையாகச் செல்கிறார். ஒவ்வோர் அறையிலும் ஒரே ஒரு மதிப்பீட்டாளர், ஒரே ஒரு கேள்வி, சுமார் எட்டு நிமிட நேரம். ஓர் அறையில் ஏற்பட்ட நல்ல அல்லது மோசமான எண்ணம் அடுத்த அறைக்குத் தொடர்ந்து வராது. சொந்தச் சாதனை பற்றிய கேள்வியும் இந்த அறைகளுள் ஒன்றில் இடம்பெறலாம். ஆனால் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை பெறாது. மருத்துவக் கல்வித் தேர்வு முறைகளை ஒப்பிட்டு ஃபியோனா பாட்டர்சன் குழுவினர் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பழைய பாணி நேர்காணல், பரிந்துரைக் கடிதம், தன்விவரக் கட்டுரை ஆகியவற்றைவிட இம்முறை நம்பகமானதும் நியாயமானதும் என்று கண்டது. 1970இல் நமது உச்ச நீதிமன்றம் சுட்டிய குறைக்கும் மக்மாஸ்டர் கண்ட மருந்துக்கும் பாடம் ஒன்றே: மொத்தமாக மதிப்பிடாதே, பகுத்து மதிப்பிடு.

மாணவரின் குணத்தை அறிய முயல்வதே தேவைதானா என்று கேட்பவர்களுக்கு மாக்சின் பாப்படாகிஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு பதிலளிக்கிறது. அமெரிக்காவில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மருத்துவர்களின் மாணவப் பருவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பொறுப்பின்மையும், குறை சொன்னால் திருத்திக்கொள்ள மறுக்கும் போக்கும் அவர்களிடம் அப்போதே வலுவாகத் தென்பட்டிருந்தன. பொறுப்பேற்பதும் திருத்திக்கொள்வதும் ஒருவர் தம் சாதனையை விவரிக்கும்போது வெளிப்படக்கூடிய பண்புகள். சாதனையின் உயரத்தைக் கேட்டால் அவை தெரியா, அது நடந்த விதத்தைக் கேட்டால் தெரியும்.

தன்னைப் பற்றிப் பேசுதல்

தமிழ் மாணவருக்கு இக்கேள்வியில் தனியான இடர்ப்பாடு ஒன்று உண்டு. தற்புகழ்ச்சி இழுக்கு என்று வீட்டிலும் பள்ளியிலும் ஆலயத்திலும் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, தான் செய்ததைக் கேட்டால் “எல்லாரும் சேர்ந்து செய்தோம்”, “சார்தான் வழிகாட்டினார்”, “கர்த்தருடைய கிருபை” என்று சொல்லி ஒதுங்கிவிடும். இது பணிவுதான், ஆனால் எதிரே இருப்பவருக்கு அந்தப் பிள்ளையின் பங்கு என்ன என்பது கடைசிவரை விளங்காது.

இந்த இடர்ப்பாட்டை நம் இலக்கண மரபு நெடுங்காலத்துக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, எத்துணைத் துறைகளில் வல்லவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்று விதித்து, நூலாசிரியரின் சிறப்பை அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவரே எடுத்துரைக்க வேண்டும் என்கிறது. இக்காலப் பரிந்துரைக் கடிதத்தின் தத்துவமும் இதுவே. ஆனால் நன்னூல் அத்துடன் நிற்கவில்லை. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தம் ஆற்றலை அறியாதவர் இடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிர்த் தரப்பினர் பழித்தபோதும் கற்றவர் தம்மைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று நான்கு விதிவிலக்குகளை அடுத்த நூற்பாவிலேயே தருகிறது. விண்ணப்பப் படிவம் முதல் விதிவிலக்கிலும், நேர்காணல் இரண்டாவதிலும் அப்படியே பொருந்துகின்றன. தம்மை அறியாத ஒருவர் கேட்கும்போது தம் ஆற்றலை உள்ளபடி சொல்வது மரபு மீறலன்று. மரபு அதற்கு இடம் வைத்திருக்கிறது.

இங்கிலாந்து, அமெரிக்க நாடுகளின் விண்ணப்ப முறைகளும் அண்மைக்காலத்தில் இதே தெளிவை நோக்கி நகர்கின்றன. இங்கிலாந்தில் 4,000 எழுத்தளவில் மாணவர் தம் விருப்பப்படி எழுதிவந்த தன்விவரக் கட்டுரை, 2026 சேர்க்கை முதல் மூன்று குறிப்பிட்ட கேள்விகளுக்கான பதிலாக மாறியிருக்கிறது. என்ன எழுத வேண்டும் என்று சொல்லித் தர ஆளில்லாத மாணவருக்கு இது உதவும் என்பது அம்மாற்றத்தின் நோக்கங்களுள் ஒன்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பம் 15 அனுபவங்கள் வரை பட்டியலிடச் சொல்லி, அவற்றுள் மிக முக்கியமானவையாக மூன்றை மட்டும் விரித்து எழுதச் சொல்கிறது. பட்டியலின் நீளம் எதையும் நிறுவாது என்ற அறிவு இந்த ஏற்பாட்டில் பொதிந்துள்ளது.

ஒரு பதிலின் உள்ளமைப்பு

எது நல்ல பதில் என்பதை விளக்கக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்று போதும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணிக் கரையூர்கள் நீரில் மூழ்கியபோது, பள்ளிக்கூடமொன்றில் அமைந்த நிவாரண முகாமில் பிளஸ் டூ மாணவர் ஒருவர் பணியாற்றினார் என்று கொள்வோம். நேர்காணலில் அவர், “வெள்ளத்தின்போது எங்கள் ஊர் மக்கள் பலருக்கு உதவினேன், அதில் தலைமைப் பண்பையும் சேவை மனப்பான்மையையும் கற்றேன்” என்று சொன்னால், அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் மதிப்பிடவும் எதுவும் இல்லை. இதே விடையை எந்த ஊரின் எந்த மாணவரும் சொல்லிவிட முடியும்.

அவரே இவ்வாறு சொல்வதாகக் கொண்டால் நிலைமை மாறுகிறது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத இரண்டாம் நாளில் முதியவர்கள் பலரிடம் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் தீர்ந்துவிட்டன. மாத்திரைப் பெயரைக் கேட்டால் “வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று” என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே காலியான மாத்திரை அட்டைகளை அவரவர் பையிலிருந்து எடுத்துவரச் சொல்லி, அதில் அச்சிட்டிருந்த பெயரையும் அளவையும் நோட்டில் எழுதி, ஆள்வாரியாகப் பட்டியல் தயாரித்துச் செவிலியரிடம் கொடுத்தார். அட்டை கிடைக்காத பாட்டி ஒருவருக்கு மட்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையை ஊகத்தால் எழுதிவிடாமல், பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டு, அவரை நேரில் பார்க்கும்படி செவிலியரைக் கேட்டுக்கொண்டார்.

இந்தப் பதிலில் பதக்கம் இல்லை, சான்றிதழ் இல்லை, உதவி பெற்றோரின் எண்ணிக்கைகூட இல்லை. ஆனால் நிலைமை என்ன, அவர் ஏற்ற பொறுப்பு எது, ஏன் அந்த வழியைத் தேர்ந்தார், தமக்குத் தெரிந்ததன் எல்லை எங்கே முடிந்தது என்பவை தெளிவாக உள்ளன. ஊகித்து எழுதாமல் இடத்தைக் காலியாக விட்ட அந்த ஒரு செயல், மருத்துவராகப் போகிறவரிடம் எதிர்பார்க்கும் கவனத்தைக் காட்டுகிறது. மேலும், மதிப்பீட்டாளர் தொடர்ந்து கேட்க இதில் பிடி கிடைக்கிறது: அட்டையைக் கொண்டுவரச் சொல்லும் யோசனை யாருடையது? ஒரே பெயரில் இரண்டு அளவுகள் வந்தபோது என்ன செய்தார்? மறுபடியும் அப்படி ஒரு முகாம் அமைந்தால் எதை மாற்றுவார்? உண்மையில் செய்தவர் இவற்றுக்குத் தயக்கமின்றி விடையளிப்பார். பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்தவர் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார்.

எந்தச் சாதனை கணக்கில் வருகிறது

சாதனையைக் கேட்கும் எந்த முறைக்கும் எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் வர்க்க வேறுபாடு பற்றியது. நீச்சல் போட்டி, பியானோ தேர்வு, வெளிநாட்டு அறிவியல் முகாம், உறவினரின் மருத்துவமனையில் பார்வையாளராக இருந்த அனுபவம் ஆகியவை பணம் அல்லது தொடர்பு உள்ளவர்களுக்கே வாய்ப்பவை. 1970இன் முதல் தலைப்பான தேசிய மாணவர் படைகூட, அந்தப் பிரிவு இயங்கிய பள்ளியில் படித்தவருக்கு மட்டுமே எட்டியது. விடுமுறையில் உப்பளத்தில் வேலை செய்து வீட்டுக் கடனை அடைத்த மாணவர், படுக்கையில் கிடந்த பாட்டிக்குப் புண் வராமல் மூன்றாண்டு காலம் பார்த்துக்கொண்ட மாணவி ஆகியோருக்கு அப்பட்டியலில் இடம் இருந்ததில்லை. அவர்களும் அதைச் சாதனை என்று எண்ணிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த வாதம் முழுக்கச் சரியானது. ஆனால் அது குறிவைக்க வேண்டியது பட்டியலை. எந்த நிலையில் உள்ளவருக்கும் பதில் இருக்கக்கூடிய வகையில் கேள்வியை அமைத்தால், பாட்டியைப் பார்த்துக்கொண்ட மாணவி பியானோ வாசிப்பவரைவிட மருத்துவத்துக்கு நெருங்கிய பதிலைத் தர இயலும். அவர் தம் மொழியில் பதிலளிக்க அனுமதி இருப்பதும் இன்றியமையாதது. மறுபுறம், எண் மட்டுமே அளக்கும் முறையும் வர்க்க வேறுபாட்டிலிருந்து விடுபட்டதன்று. நீட் பயிற்சிக் கட்டணமும், ஓராண்டு மறுபடி முயல்வதற்கான வசதியும் யாருக்கு உண்டு என்பதையே நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் கவலையுடன் எடுத்துரைத்தது.

இந்திய மருத்துவக் கல்வி குணநலனை முற்றிலும் கைவிட்டுவிடவும் இல்லை. 2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் திறன் ஆகியவற்றுக்கெனத் தனிப் பகுதியும், முதலாண்டின் தொடக்கத்தில் அடித்தளப் பயிற்சியும் சேர்க்கப்பட்டன. சேர்க்கைக்கு முன் பார்க்காததைச் சேர்ந்த பின் கற்பிப்பது என்னும் இந்த ஏற்பாடு, நம்பிக்கையின்மையின் பின்னணியில் எட்டப்பட்ட நடைமுறைத் தீர்வு எனலாம். ஆனாலும் தூத்துக்குடியில் படித்து முடித்த மருத்துவர் பின்னர் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, பதினேழு வயதில் கேட்கப்படாத அந்தக் கேள்வி அங்கே அவருக்காகக் காத்திருக்கிறது. தம் பங்கைச் சொல்லப் பழகாதவர் அப்போது பின்தங்கிவிடுகிறார்.

தொகுப்புரை

தமிழகம் நேர்காணலைக் கைவிட்டதற்கு அன்றைய நிலையில் நியாயம் இருந்தது. மூன்று நிமிடத்தில், தலைப்புப் பிரிக்காமல், பதிவு வைக்காமல் இடப்பட்ட மதிப்பெண்ணை விட மொட்டையான எண்ணே மேல். ஆனால் அப்போது தவறாக நடந்தது மதிப்பீடு, கேள்வி தவறானதன்று. அக்கேள்வியை மறுபடியும் கொண்டுவர விரும்பும் எந்த நிறுவனமும் 1970, 1980 தீர்ப்புகளைத் தன் வரைவின் முதல் பக்கத்தில் வைத்துத் தொடங்க வேண்டும்: நேர்காணலின் பங்கு சிறியதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பண்புக்கும் தனி மதிப்பெண் இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே கேள்வி இருக்க வேண்டும், மதிப்பீட்டாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முன் அவரவர் மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும், முழு உரையாடலும் பதிவாக வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சிபாரிசு நுழைய வழி கிடைத்துவிடும். இத்தனைக்கும் செலவிட மனமில்லாத அரசு, எண்ணோடு நின்றுகொள்வதே மாணவருக்குச் செய்யும் நீதி.

மாணவரின் தரப்பில் எஞ்சும் கடமை இதைவிட எளியது. புனேக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும் சாயர்புரத்து மாணவர் பெரிய சாதனை தேடி அலைய வேண்டியதில்லை. தாம் உண்மையில் பொறுப்பேற்ற ஒரு செயலை எடுத்துக்கொண்டு, மற்றவர் செய்ததையும் தாம் செய்ததையும் பிரித்து, தாம் எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் சொல்லப் பழகினால் போதும். நோயாளியின் படுக்கையருகே நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் மூத்த மருத்துவரிடம் எடுத்துரைப்பது மருத்துவத் தொழிலின் அன்றாட வேலை. தம் சாதனையை அவ்வாறே சொல்லத் தெரிந்தவர் அந்த வேலையின் முதற்பாடத்தை ஏற்கெனவே கற்றவராகிறார்.